பிரேக் அத்தை கண்ணை மூடுவதில்லை

“பாஸ்டர், கண்ணைத் திறங்க.”

“ஒரு நிமிஷம்மா, ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

“தாராளமாப் பண்ணுங்க. ஆனா வண்டி போய்க்கிட்டிருக்கு.”

“போகுதா?”

“போகுது. எதிர்ல குப்பைத்தொட்டி நிக்குது. அது விலகிக்கும்னு எனக்குத் தோணல.”

போதகர் கண்ணைத் திறந்தார். குப்பைத்தொட்டியைப் பார்த்தார். உடனே ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அத்தை தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின் இருக்கையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பென்சில் டப்பா பறந்துபோய்ப் போதகரின் மடியில் விழுந்தது.

“கையை ஏன் தூக்குனீங்க?” என்று அத்தை கேட்டார்.

“பழக்கம்மா.”

“மேடையில தூக்குங்க. இங்க ரெண்டு கைக்கும் வேலை இருக்கு.”

“நான் எந்தக் காரியத்தையும் ஜெபம் பண்ணாம ஆரம்பிக்கிறதில்லம்மா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பண்ணுங்க. நீங்க கிளட்ச்சை விட்டுட்டு ‘அன்புள்ள ஆண்டவரே’ன்னு ஆரம்பிச்சீங்க.”

“அப்ப போற வழியில ஜெபம் பண்ணணும்னு தோணுச்சுன்னா?”

“கண்ணைத் திறந்துக்கிட்டுப் பண்ணுங்க. நான் அப்படித்தான் பண்றேன்.”

“எப்போ?”

“எப்பவும்.”

“சபையிலயுமா?”

“சபையிலதான் ரொம்ப.”

போதகர், ஏதோ முக்கியமான கணக்கைப் போட்டு முடித்தவரைப்போல, மெதுவாகத் திரும்பினார். “அப்ப நான் ஜெபம் நடத்துறப்போ நீங்க என்னைப் பார்த்துக்கிட்டா இருக்கீங்க?”

“உங்களையே பார்த்துக்கிட்டிருக்க எனக்கு வேற வேலை இல்லையா? எல்லாரையும் பார்ப்பேன். பயப்படாதீங்க, நடுவுல நீங்க கையைத் திருப்பி வாட்சைப் பார்க்கிறதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

போதகர் சட்டென்று தன் கைக்கடிகாரத்தின்மேல் மறு கையை வைத்து மூடினார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

“வாயாடி, நீ பார்த்தியா எப்படி வந்து நின்னோம்னு?”

“இல்ல அத்தை. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.”

“பாருங்க பாஸ்டர். முன்னாடி ஒருத்தர் மூடிக்கிட்டாரு, பின்னாடி ஒருத்தி மூடிக்கிட்டா. வண்டில கண்ணு திறந்திருக்கிறது நான் ஒருத்திதான். நான் ஒருத்தி எத்தனையைத்தான் பார்ப்பேன்? எடுங்க வண்டியை. முதல்ல கண்ணாடியைப் பாருங்க.”

இந்த உரையாடல் நடந்தபோது நான் பள்ளிச் சிறுமி. அப்பாவின் அக்காவான அத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். மாலையில் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போவார். கடைசிப் பாடம் முடியும்வரை நான் பின் இருக்கையில் இருப்பேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவருக்கு, மற்றொன்று கற்றுக்கொடுப்பவருக்கு. கற்றுக்கொள்பவர் தன் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அத்தையின் கால் தன்னுடையதை மிதித்து முடித்திருக்கும். வேலையில் சேர்ந்து சில வருடங்களில் அந்தக் கால் அத்தையின் சொல் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. எங்கே ஆபத்து தெரிந்தாலும் மிதித்துவிடும். சாப்பாட்டு மேசையில் அப்பா சூடான டம்ளரைக் கவனிக்காமல் எடுத்தால் மேசைக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம். மாடிப்படியில் யாராவது தடுக்கினால் மேல்படியில் நிற்கும் அத்தையிடமிருந்து டொக். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் என் அம்மாவிடம், “நீங்க முன்னைக்கு இப்ப நல்லா...” என்று ஆரம்பித்து அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். டொக். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. பின்னாளில் அம்மா அதை நினைத்து அத்தைக்கு நன்றி சொல்வதுண்டு.

அதனால் எல்லாருக்கும் அவர் பிரேக் அத்தை. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அத்தை என்றே கூப்பிட்டார்கள்.

கண் விஷயமும் இப்படித்தான் தொடங்கியது. காரில் கண்ணை ஓயவிடக்கூடாது. முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பின்னால் வருபவன், நடைபாதையில் நிற்பவன் என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் சபைக்குள்ளும் வந்துவிட்டது. மற்றவர்கள் தலைகுனிந்து கண்ணை மூடியதும் அத்தை தன் வேலையைத் தொடங்குவார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, தூணுக்கு அந்தப்பக்கம், கதவோரம். யார் வரவில்லை, யார் தோள் குலுங்குகிறது, யார் புருஷனை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், எல்லாவற்றையும் பார்ப்பார். தான் பார்த்த ஒவ்வொருவருக்காகவும் கடவுளிடம் சொல்வார். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒருத்தியைப் பிடிப்பார். “நீ ஏன் அழுத?” என்பார். “நான் அழுதது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் திகைப்பாள். அத்தைக்கு ஏதோ வெளிப்பாடு கிடைக்கிறது என்று சபையில் கொஞ்சநாள் பேச்சு இருந்தது. அத்தை அதை மறுத்தார். “வெளிப்பாடும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு, நீங்க எல்லாரும் மூடிக்கிறீங்க, அவ்வளவுதான்.”

அப்படி ஜெபிப்பதற்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்று போதகர் ஒருமுறை வசனத்தோடு எடுத்துச் சொன்னார். “எனக்கு வசனம் வேண்டாம் பாஸ்டர், ரோடு போதும்,” என்றார் அத்தை.

அவர் பார்வையில் ஞாயிறுதோறும் முதலில் விழுந்த ஆள் அத்தையின் கணவரான மாமா. மாமா ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து, காதோரம் மாவு ஒட்டியிருக்க, நேராகச் சபைக்கு வருவார். முதல் பாட்டுக்கு எழுந்து நிற்பார். ஜெபம் தொடங்கி எல்லாரும் கண்ணை மூடியதும் அவரும் மூடுவார். அதன்பிறகு அவர் இந்த உலகத்தில் இருக்கமாட்டார். அத்தை அவரை எழுப்பியதில்லை. ஜெபம் முழுக்க அவர் முகத்தை ஒரு பார்வை, சபையை ஒரு பார்வை என்று மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆமென் வருகிற நேரத்தில் மட்டும் கால் டொக்கென்று மிதிக்கும். மாமா கண்ணைத் திறந்து எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார். அவருடைய ஆமெனைக் கேட்டுப் பலர் பக்தி அடைந்திருக்கிறார்கள்.

ஒருநாள் மாமா ஆலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். தூங்குகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அத்தைக்கு மட்டும் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த முகம் தூங்குவதைப் பார்த்தவர் அவர்தானே.

அடக்க ஆராதனையில் போதகர் நீண்ட ஜெபம் செய்தார். மாதர் சங்கத் தலைவி நடுவில் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். அத்தை கண்ணைச் சிமிட்டாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். முடிந்ததும் தலைவி பக்கத்தில் வந்து, “இன்னிக்காச்சும் கண்ணை மூடியிருக்கலாமே,” என்றார்.

“அவர் தூங்குறப்போ பார்த்துக்கிட்டிருக்கிறதுதானே என் வேலை,” என்றார் அத்தை. கொஞ்சம் பொறுத்து, “நான் மூடலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றும் கேட்டார். தலைவி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அத்தை வரமாட்டார் என்று அப்பா நினைத்தார். ஆனால் அத்தை வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிகிற நேரத்தில் கால் டொக்கென்று மிதித்தது. எழுப்ப யாரும் இல்லை. ஆமென் அன்றைக்குச் சபையில் ரொம்ப மெல்லிசாகக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார்: “அக்கா, ஆண்டவர்மேல கோபம் வரலையா உனக்கு?”

“வந்துச்சு. நல்லாத் திட்டிட்டேன்.”

“திட்டிட்டு?”

“திட்டிட்டு என்ன, வந்து உட்கார்ந்தேன். வீட்டுல சண்டைன்னா அடுத்த வீட்டுக்கா குடி போறோம்?”

இப்படியே வருடங்கள் போயின. இதற்கிடையில் போதகர் பலமுறை தேர்வில் தோற்று, கடைசியில் உரிமம் வாங்கிவிட்டார். ஆனால் அத்தையின் காலுக்கும் அவருக்கும் இருந்த உறவு முறியவில்லை. டொக் என்று கேட்டால் எங்கிருந்தாலும் நின்றுவிடுவார். நடந்துகொண்டிருந்தால் நடை நிற்கும். பேசிக்கொண்டிருந்தால் பேச்சு நிற்கும். பிரசங்கம் நீண்டுபோய், பின் வரிசைக் குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்க ஆரம்பிக்கிற நேரத்தில், அத்தையின் கால் தன்னையறியாமல் மரப்பலகையை மிதிக்கும். போதகர் வாக்கியத்தின் நடுவில் நிற்பார். நின்ற இடத்தில் தொடர மறந்துபோய், “எழுந்து நிற்போம்,” என்பார். எங்கள் சபைக்கு வேறு ஊர்களிலிருந்தும் ஆள் வரத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம் என்று அப்பா இன்றும் நம்புகிறார்.

பிறகுதான் சைக்கிள் வந்தது.

அத்தை ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முனைத் திருப்பம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. கார் நின்றது. ஆனால் நிறுத்தியது அத்தை இல்லை, அந்தப் பெண். அத்தை சைக்கிளைப் பார்க்கவே இல்லை. அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்த மாணவரும் அவருக்கு முந்திப் பிரேக் போட்டதில்லை.

“பாஸ்,” என்றார் அத்தை.

“இது பாடம்தானே மேடம், தேர்வு இல்லையே?” என்றாள் அந்தப் பெண்.

“பரவாயில்ல, பாஸ்.” அவளையே பள்ளிவரை ஓட்டச் சொல்லி, உரிமையாளரிடம் போய், இனி தான் காரில் உட்காரக்கூடாது என்று தானாகவே சொல்லிவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். பார்வை ஓரங்களிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, அறுவை சிகிச்சை செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். அதற்கும் உறுதி இல்லை. அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஓரத்துலேருந்தா?” என்று மட்டும் கேட்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை என் கையைப் பிடித்து நடந்தது அதுதான் முதல்முறை. அதுவரை நான்தான் அவர் கையைப் பிடித்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது அத்தையின் முகம் வாடியிருந்தது.

“என்ன அத்தை?”

“பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம் போயிட்டாங்கடி. தூணுக்கு அந்தப்பக்கம் காலி. கதவோரம் காலி. யாருக்காகக் கேட்கிறதுன்னே தெரியல. நேரா பார்த்தா பாஸ்டர் முகம் மட்டும் தெரியுது. என்னதான் சோதனைன்னாலும் ஒரு அளவு வேண்டாமா?”

அத்தைக்கு வேலை போனதைவிட இதுதான் பெரிதாக இருந்தது. அவர் கடவுளோடு பேசுவதே மற்றவர்களைப் பார்த்துத்தான். பார்க்க முடியாமல் போனால் பேச்சும் நின்றுவிடும் என்று பயந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அந்தக் கால் காரணமே இல்லாமல் மிதிக்க ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பார்; டொக். துணி மடித்துக்கொண்டிருப்பார், டொக். எதையோ நிறுத்தப் பார்க்கிறார், அது நிற்கவில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் சபைக்கு வந்தார். நோயாளிகளுக்காக ஜெபிப்பவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் இரண்டு மொழியில் படித்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள்; நான் மறுப்பதற்குள் அத்தை, “எங்க வாயாடி பண்ணுவா,” என்று சொல்லிவிட்டார். பிரசங்கியார் ஆள் உயரம், குரல் பெரியது. மேடை அதிர அவர் சொன்னதை நான் அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாத சங்கதியைப்போலச் சொன்னேன். மக்கள் அவர் முழங்கும்போது சும்மா இருந்துவிட்டு, என் முணுமுணுப்புக்கு அல்லேலூயா என்றார்கள்.

கடைசியில் அத்தையை முன்னால் அழைத்தார். தலையில் கை வைத்து, கண்ணை மூடச் சொன்னார். நான் சொன்னேன்.

“எதுக்கு?” என்றார் அத்தை, மைக்கிலேயே.

எதற்கு என்று கேட்கிறார் என்று அவரிடம் சொன்னேன். ஜெபிக்கும்போது மூடுவதுதானே வழக்கம் என்றார்.

“கண் டாக்டர்கிட்ட போனா நல்லாத் திறங்கங்கிறாரு. மூடிட்டா இவர் எதைப் பார்த்துச் சரி பண்ணுவாருன்னு கேளு. அதோட, கை வச்சா முடி கலையுது. நான் மெனக்கெட்டு வாரிட்டு வந்திருக்கேன்.”

நான் பிரசங்கியாரிடம், “திறந்தே வைத்துக்கொள்ள விரும்புகிறார்,” என்றேன்.

“இவ்வளவு நீளமாகச் சொன்னாரே?” என்று அவர் சந்தேகப்பட்டார்.

“எங்கள் மொழி அப்படி,” என்றேன்.

அவர் ஜெபித்தார். நிஜமாகவே உருகி ஜெபித்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. அத்தை கண்ணைத் திறந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்ததும் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிரசங்கியார் அத்தைக்குப் பக்கவாட்டில் கையை நீட்டி, மூன்று விரலைக் காட்டி, இப்போது தெரிகிறதா என்று கேட்டார்.

நான் அத்தையிடம் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா முன்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். போதகர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

“எது தெரியுதா?” என்றார் அத்தை.

“அவர் கை, அத்தை.”

“எங்க?”

“இந்தப் பக்கம்.”

அத்தை தலையைத் திருப்பாமல், ஆசையோடு கொஞ்சநேரம் பார்த்தார்.

“இல்ல,” என்றார்.

அன்று முழுவதும் நான் மொழிபெயர்த்ததில் மிகச் சின்னச் சொல் அதுதான். வாயில் வரவே வெகுநேரம் ஆனது. நான் சொன்னதும் பிரசங்கியாரின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. நேர் எதிரில் இருந்ததால் அதை அத்தை நன்றாகவே பார்த்தார்.

“அய்யோ, மனசு விட்டுடாதீங்கன்னு சொல்லுடி,” என்றார். “நல்ல ஜெபம். குறையே சொல்ல முடியாது. முதல் தடவையே யாரும் பாஸ் ஆகிறதில்ல. எங்க பாஸ்டரே எத்தனை தடவை ஃபெயிலானாருன்னு கேட்டுப் பார்க்கச் சொல்லு. நான் விட்டேனா? மறுபடி மறுபடி கூட்டிக்கிட்டுப் போனேன்ல? ஆண்டவரும் என்னை விடமாட்டாரு. நீங்களும் விடாதீங்க. திரும்ப வாங்க.”

இதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். சத்தமாகவும் சொன்னேன். பிரசங்கியார் போதகரைப் பார்த்தார். போதகர் தலையை ஆட்டி, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை. பிரசங்கியார் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு சபையே சிரித்தது. அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் விடவில்லை.

வெளியே வந்ததும் மாதர் சங்கத் தலைவி அத்தைக்கு அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, “விசுவாசம் கொஞ்சம் குறைஞ்சிருக்குமோ?” என்றார்.

“குறைஞ்சிருந்தா நான் வீட்டுல படுத்திருப்பேனே. இவ்வளவு பேருக்கு முன்னாடி இல்லைன்னு சொல்லிட்டு, இனி வர்ற ஞாயிறும் இதே முகத்தோட வந்து நிக்கணும். குறைஞ்ச விசுவாசத்துல அது நடக்குமா?” என்றார் அத்தை. பிறகு, “நீங்க ஏன் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறீங்க? நேரா வந்தீங்க, தெரிஞ்சிச்சு,” என்றார். தலைவிக்கு முதுகுவலி. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வாசல்வரை போனார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். அத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க வேண்டிய கட்டாயம். நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் உதடு அசைந்தது. பிறகு நின்றது.

“ராங் நம்பர் போட்ட மாதிரி இருக்குடி,” என்றார். “ஒரே இருட்டு. அந்தப்பக்கம் யாரு எடுத்திருக்காங்கன்னே தெரியல.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது, பேசிக்கிட்டே இருந்தேன்.”

“பதில் வந்துச்சா?”

அத்தை யோசித்தார். “பதில் வரல. ஆனா அந்தப்பக்கம் போனை வைக்கல.”

கட்டிலின் காலடிப் பலகையில் அந்தக் கால் அசையாமல் கிடந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அது சும்மா இருந்ததைப் பார்த்தேன்.

கட்டைப் பிரித்தபோது ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை தங்கியிருந்தது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, நேர் எதிரில் இருப்பது மட்டும் தெரியும். போதகர் முகம் எதிரில் வந்தபோது அத்தை, “மறுபடியும் நீங்கதானா?” என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் போதகர்தான் தன் சிறிய காரில் அத்தையைச் சபைக்கு அழைத்து வருகிறார். நானும் பின் இருக்கையில் இருப்பேன். கிளம்புவதற்கு முன் போதகர் ஜெபிப்பார், கண்ணைத் திறந்துகொண்டு. அத்தையின் காலடியில் இப்போது பிரேக் இல்லை. நேர் எதிரில் இருப்பதைத் தவிர அவருக்கு எதுவும் தெரிவதும் இல்லை. இருந்தாலும் கால் தோன்றியபோதெல்லாம் மிதிக்கும். ஒவ்வொரு டொக்குக்கும் போதகர் காரை நிறுத்துவார். ரோட்டில் ஒன்றுமே இருக்காது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். “என்ன பாஸ்டர், எதுக்கு நிறுத்துனீங்க?” என்று அத்தையே கேட்பார். எங்கள் போதகர் தன் சொந்த ஆராதனைக்குத் தாமதமாக வருவதற்குச் சபை பழகிவிட்டது.

கட்டுப் பிரித்தபின் அப்படி வந்து இறங்கிய முதல் ஞாயிறு. அத்தையை அவருடைய இடத்தில் உட்காரவைத்து, மாமாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. எல்லாரும் தலைகுனிந்தார்கள். நானும் எப்போதும்போல இறுக்கி மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்து ஒரு முழங்கை என் விலாவில் இடித்தது.

“வாயாடி.”

“என்ன அத்தை, ஜெபம்...”

“தெரியும். ஒண்ணு கேட்கிறேன், மாட்டேன்னு சொல்லாதே. இனிமே நான் மூடிக்கிறேன், நீ திறந்து வச்சுக்கோ. முன்வரிசையில ஆரம்பிச்சு, தூணுக்கு அந்தப்பக்கம், கதவோரம் வரைக்கும் பாரு. யார் வரல, யார் அழுறாங்கன்னு மெதுவா என் காதுல சொல்லு, அவங்களுக்காக நான் கேட்டுக்கிறேன். எவனாவது தூங்குனா மட்டும் எழுப்பிடாதே. நைட் ஷிஃப்டா இருக்கும்.”